தானியங்கி விளக்கு முதல் கதிர்மானி வரை: ஒளியுணர் படிகங்களின் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

அந்தியில் தெருவிளக்கைத் தானாக எரியவைக்கும் போட்டோ சுவிட்சு, கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஒளிக்கேற்ப மின்தடை மாறும் எல்.டி.ஆர். என்ற உணரி, கதிர்வீச்சை அளக்கும் சட்டைப்பை அளவுக் கதிர்மானி ஆகிய மூன்றின் உள்ளேயும் வேலை செய்வது செயற்கையாக உருவாக்கப்பட்ட குறைகடத்திப் படிகம்தான். முதல் இரண்டிலும் பெரும்பாலும் கேட்மியம் சல்பைடு இருக்கும்; சுவிட்சின் உள்ளிருப்பதும் எல்.டி.ஆர்.-தான். மூன்றாவதில் சிலிக்கான் இருக்கும். காவிரி டெல்டாவின் ஊர்களில் இந்தக் கருவிகளைத் தொடர்ந்து பழுதுபார்த்து வருவதில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்று உண்டு. படிகம் தானாகக் கெடுவது அரிது. அதன்மேல் விழவேண்டிய ஒளியை ஏதோ ஒன்று மறைத்திருக்கும், அல்லது விழக்கூடாத ஒளி எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கும், அல்லது அதன் இரண்டு கால்களுக்கும் இடையே ஈரமும் உப்பும் பாலம் போட்டிருக்கும். ஆனாலும் பலர் முதலில் செய்வது படிகத்தை மாற்றுவதைத்தான். புதியதும் அதே ஈரத்தில் அதே கோளாறைக் காட்டும்போது கருவியே பயனற்றது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதைத் தவிர்க்கவே, செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவுள்ள மாற்றத்தில் முடியும் வரிசையில் இந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது.

தொடங்கும் முன்

மலிவான போட்டோ சுவிட்சுகளின் உள்ளே மின்மாற்றி இருப்பதில்லை. 230 வோல்ட்டை ஒரு மின்தேக்கியின் வழியே குறைத்துத்தான் உள்சுற்று இயங்குகிறது. ஆகவே எல்.டி.ஆர்.-இன் மெல்லிய கால்களைத் தொட்டால்கூட முழு மின்னதிர்ச்சி ஏற்படும். மூடியைத் திறக்கும் முன் மெயினை அணைத்து, ஃபியூசைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரால் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்யவேண்டும். டெஸ்டரின் சிறு நியான் ஒளியை மட்டும் நம்பக்கூடாது. மின்கம்பத்தில் ஏறும் வேலை ஊராட்சியோ மின்வாரியமோ அனுப்பும் ஆட்களுடையது. இங்கே சொல்லப்படும் திறந்து பார்க்கும் சோதனைகள் வீடு, கடை, கோயில், களம், பள்ளி ஆகிய இடங்களில் உங்கள் பொறுப்பில் உள்ள சுவிட்சுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

தேவையானவை: 20 மெகா ஓம் வரை அளக்கும் மல்டிமீட்டர், கறுப்பு இன்சுலேஷன் டேப், நல்ல டார்ச், மென்மையான துணி, காய்ச்சி வடித்த நீர், ஐசோபுரொபைல் ஆல்கஹால்.

நினைவில் வைக்கவேண்டிய விதி ஒன்றுதான். கேட்மியம் சல்பைடின் மின்தடை இருளில் ஏறும், ஒளியில் இறங்கும். பெரும்பாலான சுவிட்சுகள், மின்தடை ஏறினால் இரவு என்று கொண்டு விளக்கை எரியவைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. எனவே எல்.டி.ஆர்.-க்குச் செல்லும் இணைப்பு அறுந்துபோனால் சுவிட்சு அதை இரவு என்று எடுத்துக்கொள்ளும். கால்களுக்கிடையே ஈரம் கசிந்தால் பகல் என்று எடுத்துக்கொள்ளும். கீழே வரும் முதல் இரண்டு அறிகுறிகளும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளை பிரிகின்றன.

அறிகுறி 1: பட்டப்பகலிலும் விளக்கு எரிகிறது

முதலில் டார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சின் கண்ணுக்கு, அதாவது எல்.டி.ஆர்.-மேல் ஒளி விழும் முகப்புக்கு, மிக அருகில் பிடித்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஒளியைக் காட்டுங்கள்; சில சுவிட்சுகள் வேண்டுமென்றே தாமதித்து அணையும்படி செய்யப்பட்டவை என்பதால் பொறுமை தேவை.

விளக்கு அணைந்தால்: படிகமும் சுற்றும் நலமாக உள்ளன, வெளிச்சம்தான் போதவில்லை. கண்ணைத் துடைத்துப் பாருங்கள். நெல் அரைவை ஆலைகளை ஒட்டிய தெருக்களில் உமிச்சாம்பல் படிந்து கண்ணாடி மூடியைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அறுவடைக் காலத்தில் களத்துத் தூசி படியும். இவை இரண்டையும்விட நான் அதிகம் கண்டது குளவியின் மண்கூடு. மழை படாத, சிறு பள்ளம் உள்ள இடத்தைக் குளவி விரும்புவதால், கண்ணின் மேல் நீட்டியிருக்கும் சிறு கூரைக்கு அடியில் மண்ணை அப்பி முழுவதுமாக மூடிவிடுகிறது. தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது. வெள்ளையடிக்கும்போது தெறித்த சுண்ணாம்பும் இதே வேலையைச் செய்யும். துடைத்த பின்னும் பகலில் எரிந்தால் இடத்தைப் பாருங்கள்: சுவிட்சு வைத்தபோது சிறு கன்றாக இருந்த புங்கை இப்போது அதற்கு மேல் குடை விரித்திருக்கலாம், அல்லது புதிதாக இறக்கிய தகரக் கூரை வானத்தை மறைத்திருக்கலாம். இதற்குத் தீர்வு இடமாற்றம் மட்டுமே.

மழைமேகத்தால்தான் பகலில் எரிகிறது என்று சொல்வதை எளிதில் ஏற்காதீர்கள். வெளிச்சத்தின் அலகான லக்ஸில் சொன்னால், நேர்வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் உண்டு. மிகக் கரிய மழைமேகத்தின் கீழும் நடுப்பகலில் அது 100 லக்ஸுக்குக் குறைவது அரிது. சுவிட்சுகளோ பொதுவாகச் சில பத்து லக்ஸ் அளவில்தான் இயங்குகின்றன. ஐப்பசி அடைமழையில் நண்பகலில் விளக்கு எரிகிறது என்றால் கண் ஏற்கெனவே பாதி மூடியிருக்கிறது என்றே பொருள்.

டார்ச்சுக்கும் அணையாவிட்டால்: காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒளி பட்ட சிறிது நேரத்தில் உள்ளே ரிலே, அதாவது விளக்கை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்தச் சாவி, 'டிக்' என்று ஒலிக்கிறதா?

ஒலி கேட்டும் விளக்கு அணையவில்லை என்றால், ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன, அல்லது எவரோ சுவிட்சைத் தாண்டி ஃபேஸை நேராக விளக்கோடு இணைத்திருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய பின் நடந்தது போன்ற அவசரச் சீரமைப்புகளில் இத்தகைய நேரடி இணைப்புகள் தற்காலிகமாகக் கொடுக்கப்பட்டு அப்படியே நிலைத்துவிடுவது உண்டு. ஆகவே முதலில் கம்பிகளைத் தொடர்ந்து சென்று பாருங்கள். தொடுமுனை பற்றிக்கொள்வதற்கு இப்போது முதன்மையான காரணம் எல்.இ.டி. விளக்குகள். சோடியம் விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டால் வாட் குறைகிறது, ஆகவே சுவிட்சுக்குச் சுமையும் குறைகிறது என்று நினைப்பது இயல்பே. ஆனால் எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் சுற்றில் உள்ள மின்தேக்கி, எரியத் தொடங்கும் கணத்தில் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கிறது. ஒரே சுவிட்சில் பல விளக்குகளைக் கோத்திருந்தால் அந்த ஒரு கணத்தில் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்கிறது. சுவிட்சை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் இதே நிலை திரும்பும். இடையில் ஒரு கான்டாக்டரை, அதாவது பெரிய சுமையைத் தாங்கும் ரிலேயை, வைத்து, சுவிட்சு அதன் சுருளை மட்டும் இயக்கும்படி செய்வதே நிலையான வழி. அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை. இந்தக் கட்டத்தில் அவரை அழைத்துவிடுங்கள்.

ஒலியே கேட்கவில்லை என்றால், மெயினை அணைத்து மூடியைத் திறந்து எல்.டி.ஆர்.-இன் ஒரு காலைச் சுற்றிலிருந்து விடுவித்து அளக்கவேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஜி.எல். 5528 வகை, 10 லக்ஸ் வெளிச்சத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 கிலோ ஓம் காட்டும். பகல் வெளிச்சத்தில் சில நூறு ஓமுக்கோ அதற்கும் கீழோ இறங்கும். பகலிலும் மெகா ஓம் காட்டினால் கால் உள்ளேயே அறுந்திருக்கிறது. கோடியக்கரை முதல் தரங்கம்பாடி வரையான கடற்கரை ஊர்களில் இது இயல்பு. உப்புக்காற்று படிகத்தை விட்டுவிட்டுக் காலைத்தான் தின்கிறது. எல்.டி.ஆர். மிக மலிவானது, மாற்றிவிடலாம். ரிலே கவ்வினால் விளக்கு அணையும் வகைச் சுவிட்சில், அளவு சரியாக இருந்தும் ரிலே கவ்வவில்லை என்றால் மின்சாரத்தைக் குறைத்துத் தரும் மின்தேக்கி வலுவிழந்திருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவு குறைந்து, ரிலேக்குத் தேவையான மின்னோட்டம் கிடைக்காமல் போகிறது. பற்றவைப்பில் பழகிய கை இருந்தால், அதே கொள்ளளவும் 275 வோல்ட் ஏ.சி. தாங்குதிறனும் உள்ள, மெயினில் நேரடியாக இணைப்பதற்கென்றே செய்யப்பட்ட எக்ஸ் 2 வகையைப் போடவேண்டும். சாதாரண மின்தேக்கியைப் போட்டால் தீப்பற்றக்கூடும். பழக்கம் இல்லாதவர்கள் சுவிட்சை முழுவதுமாக மாற்றிவிடுவதே நல்லது.

அறிகுறி 2: இருட்டிவிட்டது, விளக்கு எரியவில்லை

பகலிலேயே சோதிக்கலாம். கண்ணின் மேல் கறுப்பு டேப்பை இரண்டு மூன்று சுற்றாக ஒட்டி இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

டேப்பின் கீழ் எரிகிறது, இரவில் எரியவில்லை என்றால்: அயல் வெளிச்சம் கண்ணில் விழுகிறது. எதிர்க்கடையின் ஒளிரும் பலகை, திருவிழாவுக்குக் கோபுரத்தில் போட்ட விளக்கு, அடுத்த வீட்டில் புதிதாக வைத்த எல்.இ.டி. ஆகியவற்றை இரவில் சுவிட்சின் அருகே நின்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கண்ணைத் திருப்பி வையுங்கள்.

டேப்பின் கீழும் எரியவில்லை என்றால்: முதலில் விளக்கையும் ஃபியூசையும் பாருங்கள். அவை நலமாக இருந்தால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நான் அடுத்துத் தேடுவது ஈரத்தைத்தான், அதிலும் உப்பு கலந்த ஈரத்தை. எல்.டி.ஆர்.-இன் முகத்தில் உள்ள மெல்லிய பிசின் பூச்சு முழுமையாக நீரைத் தடுப்பதில்லை. கால்கள் புறப்படும் இடத்தில் படிந்த உப்பு ஈரக்காற்றை உறிஞ்சி எப்போதும் நனைந்தே இருக்கும். மெயினை அணைத்து ஒரு காலை விடுவித்து, முகத்தை டேப்பால் மூடி, பத்து நொடியாவது பொறுத்து அளந்து பாருங்கள். மேற்சொன்ன வகை இருளில் 1 மெகா ஓமுக்கு மேல் காட்டவேண்டும். சில பத்து கிலோ ஓமிலேயே நின்றுவிட்டால் கசிவு உறுதி.

சுத்தம் செய்யும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. பலர் நேரடியாக ஐசோபுரொபைல் ஆல்கஹாலை ஊற்றித் துடைக்கிறார்கள். உப்பு அதில் கரைவது மிகக் குறைவு, ஆகவே கசிவு போவதில்லை. முதலில் காய்ச்சி வடித்த நீரால் கால்களையும் பலகையையும் கழுவி உப்பைக் கரைத்து நீக்கவேண்டும். அதன்பின் ஆல்கஹாலால் துடைத்தால் அது எஞ்சிய நீரை இழுத்துக்கொண்டு விரைவில் காய்ந்துவிடும். பிறகு நிழலில் நன்றாக உலர்த்துங்கள். சூடான காற்றைப் பீய்ச்சுவதானால் மிதமாக இருக்கட்டும். இந்த வகை எல்.டி.ஆர்.-கள் 70 டிகிரி செல்சியஸ் வரைக்குமே செய்யப்பட்டவை. உலர்ந்த பின் இருள் மின்தடை மெகா ஓமுக்கு ஏறினால் படிகம் பிழைத்தது. ஏறாவிட்டால் மாற்றுங்கள், கடலோர ஊர்களில் கண்ணாடி முகப்பும் உலோக உறையும் கொண்ட, காற்றுப் புகாத வகையைத் தேடி வாங்குவது கூடுதல் விலைக்குத் தகுந்தது.

ஈரம் எப்படி உள்ளே வந்தது என்பதைப் பார்க்காமல் மூடியை மூடாதீர்கள். கம்பி மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கினால் மழைநீர் கம்பி வழியே உள்ளே ஓடும். பெட்டிக்குக் கீழே கம்பியை ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலேற்றி நுழைத்தால் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டியின் அடியில் சிறு துளை இருக்கட்டும். முழுவதும் அடைத்த பெட்டிக்குள் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறி மாறி வியர்வையை உண்டாக்கும். சிலிக்கோன் அடைப்பான் பூசுவதானால், காயும்போது காடி வாசம் அடிக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து வெளிப்படும் அசிட்டிக் அமிலம் செம்பையும் பற்றவைப்பையும் அரிக்கும். நடுநிலை வகை என்று கேட்டு வாங்கவேண்டும்.

எல்.டி.ஆர். நலம், ஈரம் இல்லை, அப்போதும் எரியவில்லை என்றால் ரிலே அல்லது மின்தேக்கி. சுவிட்சை மாற்றுவதே குறைந்த செலவு. ஒரு தெரு முழுவதும் ஒரே நேரத்தில் எரியவில்லை என்றால் பழுது பொதுப் பெட்டியில் இருக்கிறது. அதைத் தொடாமல் ஊராட்சி அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

அறிகுறி 3: எரிந்து அணைந்து மீண்டும் எரிகிறது

விளக்கின் வெளிச்சமே சுவிட்சின் கண்ணில் விழுகிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். விளக்கு எரிந்ததும் கண் பகல் என்று கொண்டு அணைக்கிறது. அணைந்ததும் இரவு என்று கொண்டு எரியவைக்கிறது. பழைய சோடியம் விளக்குகள் சூடேறி முழு வெளிச்சம் தரச் சில நிமிடங்கள் எடுத்துக்கொண்டதாலும், அணைந்தால் ஆறும்வரை மீண்டும் எரியாததாலும் இந்தச் சுழற்சி மெதுவாக நடந்தது, பலரும் கவனிக்கவில்லை. எல்.இ.டி. உடனே முழு வெளிச்சம் தருவதால் அதே இடத்தில், அதே சுவிட்சு இப்போது கண் சிமிட்டுகிறது. விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிமிட்டல் நின்றால் கண்ணை விளக்குக்கு மேலே உயர்த்தி வையுங்கள், அல்லது இடையில் நிலையான தகட்டை வைத்து மறையுங்கள்.

அட்டை வைத்தும் நிற்காவிட்டால், நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பாருங்கள். ரிலே தொடர்ந்து படபடவென்று ஒலித்தால் மேலே சொன்ன மின்தேக்கியே காரணம். சம்பாப் பருவத்தில் வயலோர விளக்குகளில் இன்னொன்றும் நேரும்: புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் விளக்கொளிக்குத் திரண்டு வந்து மூடிக்குள் செத்துக் குவிந்து, விளக்கின் ஒளியைக் கண்ணின் பக்கம் சிதறவைக்கும். மூடியைக் கழற்றித் தட்டிவிட்டால் போதும்.

அறிகுறி 4: எரியும் நேரம் முன்னும் பின்னும் தள்ளிப்போகிறது

எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதைக் கடிகாரத்தில் பார்த்த பிறகே பழுது என்று சொல்லவேண்டும். தெளிவான வானத்தில் சூரியன் மறையும்போது ஏறத்தாழ 400 லக்ஸ் இருக்கும். நம் பகுதியில் அந்தி குறுகியது. அடுத்த 20 நிமிடங்களுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் வெளிச்சம் 3 அல்லது 4 லக்ஸுக்கு இறங்கிவிடும். அதாவது சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. இதனால் படிகத்தின் உணர்திறன் பாதியாகவே குறைந்திருந்தாலும் விளக்கு எரியும் நேரம் சில நிமிடங்களே மாறும். பத்து நிமிட வேறுபாடு மேகத்தாலும் தூசியாலும் வருவது, அதற்காகச் சுவிட்சின் உணர்திறனைச் சரிசெய்யும் திருகைத் தொடவேண்டியதில்லை. ஒரு மணி நேரம் முன்னதாக எரிந்தால் மட்டும் அறிகுறி 1-இன் சோதனைகளுக்குச் செல்லுங்கள்.

கண் எந்தத் திசையை நோக்குகிறது என்பதும் முக்கியம். கிழக்கு நோக்கிய கண் மாலையில் முந்தி எரியவைக்கும். மேற்கு நோக்கியது பிந்தி எரியவைக்கும். வடக்கே ஏற்றது. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை சூரியன் நண்பகலில் நம் உச்சிக்குச் சற்று வடக்கே செல்வதால் அந்த மாதங்களில் வடக்குக் கண்ணிலும் வெயில் படும். அதனால் கெடுதல் இல்லை. பிளாஸ்டிக் மூடி மஞ்சளித்திருந்தால் மூடியை மட்டும் மாற்றுங்கள்.

புதிதாகப் போட்ட எல்.டி.ஆர். முதல் நாள் ஒருவிதமாகவும் அடுத்தடுத்த நாள்களில் வேறுவிதமாகவும் நடந்துகொள்வது இயல்பு. கேட்மியம் சல்பைடுக்கு ஒளி நினைவு உண்டு: நீண்ட நாள் இருளில் கிடந்த படிகம், அதே வெளிச்சத்தில் பழகிய படிகத்தைவிடக் குறைந்த மின்தடையைக் காட்டும். கடைப்பெட்டியில் கிடந்ததைப் பொருத்திய அன்றே திருகைச் சரிசெய்தால் மறுநாள் அது தவறாகிவிடும். ஓரிரு நாள் பகல் வெளிச்சம் பட்ட பிறகு திருகுங்கள்.

அறிகுறி 5: ஆய்வகத்தில் ஒரே தொலைவில் ஒவ்வொரு முறையும் வேறு அளவு

மாணவர்கள் விளக்கை நகர்த்தி எல்.டி.ஆர்.-இன் மின்தடையைக் குறிக்கும் சோதனையில், காலையில் கிடைத்த கோடு மாலையில் கிடைப்பதில்லை என்ற முறையீடு அடிக்கடி வருகிறது. மதிப்பெண் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர்கள் அளவுகளைத் திருத்தி எழுதிவிடுவதை நான் மிகுந்த வருத்தத்தோடு பார்க்கிறேன். அளவு மாறுவதற்குக் காரணம் உண்டு. அதைக் கண்டுபிடித்துப் பதிவேட்டில் எழுதினால் அதுவே நல்ல இயற்பியல்.

முதலில் சன்னல். வெளிவெளிச்சமும் அருகில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையும் அளவை மாற்றும். விளக்கை அணைத்துவிட்டு எல்.டி.ஆர். மெகா ஓம் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் அறை போதிய அளவு இருட்டாக இல்லை. கறுப்புக் காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக எல்.டி.ஆர். மேல் செருகினால் பெரும்பகுதி தீரும்.

அடுத்து மின்னழுத்தம். இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ மூன்றரை மடி அடுக்கில் மாறுவது. மின்னழுத்தம் 5 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 16 விழுக்காடு குறையும். சுற்றுவட்டாரத்தில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும் ஊர்களில், விளக்கைச் சீரான டி.சி. மின்வழங்கியில் இணைக்காமல் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை. மின்னழுத்தத்தை ஒவ்வோர் அளவின்போதும் குறிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒளி நினைவு. சோதனைக்கு முன் எல்.டி.ஆர்.-ஐ அறைவெளிச்சத்தில் ஒரு மணி நேரமாவது வைத்திருந்து, அளக்கும்போது மங்கலிலிருந்து வெளிச்சத்துக்கோ வெளிச்சத்திலிருந்து மங்கலுக்கோ ஒரே திசையில் செல்லவேண்டும். மங்கலான பக்கத்தில் படிகம் மெதுவாகவே நிலைகொள்ளும். எண் அசைவு நிற்கும்வரை பொறுக்கவேண்டும். நான்காவது, வெப்பம்: விளக்கை மிக அருகில் வைத்தால் படிகம் சூடாகிறது. அந்த வகை எல்.டி.ஆர். தாங்கும் மின்திறன் 100 மில்லிவாட் மட்டுமே என்பதால், சுற்றில் அதிக மின்னழுத்தம் கொடுத்தாலும் அது தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். இவை நான்கையும் சரிசெய்த பின்னும் அளவு அலைந்தால் எல்.டி.ஆர்.-ஐ மாற்றுங்கள்.

அறிகுறி 6: குறிப்பிட்ட நிறத்துக்கு அசைவே இல்லை

பழுது இல்லை, பொருத்தமின்மை. கேட்மியம் சல்பைடு எல்.டி.ஆர்.-கள் 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சையில் மிகுதியாக உணரும்; அகச்சிவப்பு எல்.இ.டி.-யின் 940 நானோமீட்டருக்கு அவை அசைவதில்லை. அங்கே ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரை உணரும் சிலிக்கான் போட்டோடையோடைப் போடவேண்டும். தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்திச் சோதித்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உடனே தெரியும்.

அறிகுறி 7: கதிர்மூலம் இல்லாத இடத்திலும் கதிர்மானி எண்ணுகிறது

சிறு சிலிக்கான் டையோடு வைத்த மலிவுக் கதிர்மானிகளை எக்ஸ்ரே நிலையங்களிலும் கல்லூரிகளிலும் இப்போது காண்கிறேன். இவற்றில் எண் ஏறினால் பதற்றம் எழுவது இயற்கை. பதற்றத்தோடு பிறருக்குச் செய்தி அனுப்பும் முன் கீழுள்ள வரிசையில் பாருங்கள்.

வெயிலில் ஏறி, இழுப்பறைக்குள் வைத்தால் இறங்குகிறதா? ஒளி கசிகிறது. காமாக் கதிரை உணரும் அதே படிகம் ஒளியையும் உணரும். அதைத் தடுப்பது கறுப்பு உறையோ மெல்லிய அலுமினியத் தாளோ மட்டுமே. தாளை எடுத்து டார்ச்சின் முன் பிடித்து ஊசித்துளை தெரிகிறதா என்று பாருங்கள். கறுப்பு டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினால் தீரும்.

கைப்பேசி ஒலிக்கும்போது ஏறுகிறதா? கைப்பேசியின் அலைகள் உள்ளே உள்ள நுண்ணிய பெருக்கியில் புகுகின்றன. தள்ளி வையுங்கள். தட்டினால், நடந்தால் ஏறுகிறதா? அதிர்வு அது, மேசையில் அசையாமல் வைத்து எண்ணுங்கள். மின்கலம் சோர்ந்திருந்தாலும் போலி எண்கள் வரும்.

வண்டிப் பெட்டியில் நண்பகல் வெயிலில் கிடந்த பின் ஏறுகிறதா? சிலிக்கான் டையோடின் இருள் மின்னோட்டம், அதாவது ஒளி படாதபோதும் ஓடும் சிறு மின்னோட்டம், வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயரும் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும். நிழலில் ஆறவிட்டு மீண்டும் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஏறுமானால், மிக உயர்ந்த மின்தடைகள் உள்ள பலகையில் ஈரம் கசிகிறது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இரண்டு நாள் மூடிவைத்துவிட்டுச் சோதியுங்கள்.

இவை எல்லாவற்றையும் விலக்கிய பின்னும், அறையின் ஒரு குறிப்பிட்ட மூலையில் மட்டும், ஒவ்வொரு முறையும், எண் ஏறினால் அதைக் கருவியின் பழுதாகக் கொள்ளாதீர்கள். விலகி நின்று, அந்த நிலையத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள்.

அறிகுறி 8: கதிர்மானி எதையும் காட்டவில்லை

சில சதுர மில்லிமீட்டர் பரப்பே உள்ள டையோடு, இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சில் நிமிடத்துக்கு ஒன்றுகூட எண்ணாமல் இருக்கலாம். ஐந்து நிமிடம் மௌனமாக இருப்பதால் அது செத்துவிட்டதாகாது. மணிக்கணக்கில் விட்டுவைத்துப் பாருங்கள். பொட்டாஷ் உர மூட்டையின் அருகே வைத்துச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இயற்கைப் பொட்டாசியத்தில் 0.0117 விழுக்காடு கதிரியக்கப் பொட்டாசியம்-40 இருப்பது உண்மையே. டையோடுக்குப் பதிலாக, கதிரை உணரும் வாயு நிரப்பிய கெய்கர் குழாய் வைத்த கருவி அதை உணரும். இவ்வளவு சிறிய டையோடில் அந்த வேறுபாட்டைப் பிரித்தறிவது மிகக் கடினம் என்பதால், மூட்டையருகே எண் ஏறாததை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

எக்ஸ்ரே எடுக்கும்போது காட்டவில்லை என்ற முறையீட்டுக்கும் விடை உண்டு. எக்ஸ்ரே ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. துடிப்புகளை எண்ணிச் சராசரி காட்டும் மலிவுக் கருவி, அந்தக் கணத்தில் நெருக்கமாக வரும் துடிப்புகளைப் பிரித்தறிய முடியாமல் குறைத்தே காட்டும். இதைச் சோதிப்பதற்காகக் கதிர்ப்பாதையில் கையையோ கருவியையோ நீட்டக்கூடாது. பணியாளர்களின் பாதுகாப்புக்கு, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளின்படி வழங்கப்படும், உடலில் அணிந்து பெற்ற கதிர்வீச்சின் அளவைப் பதியும் டி.எல்.டி. பட்டையும் அளவுத்திருத்தம் செய்யப்பட்ட கருவியுமே ஆதாரம். மலிவுக் கருவியில் டையோடை நீங்களே மாற்றலாம். அளவுத்திருத்தச் சான்று உள்ள கருவியைத் திறந்தால் சான்று செல்லாமல் போகும் என்பதால் அதைத் தகுதிபெற்ற ஆய்வகத்துக்கே அனுப்பவேண்டும்.

கழற்றிய எல்.டி.ஆர்.-ஐ என்ன செய்வது

கேட்மியம் நச்சு உலோகம். புதிய மின்னணுக் கருவிகளில் அது 0.01 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய மின்னணுக் கழிவு விதிகளும் வரம்பு வைத்திருக்கின்றன. பழைய எல்.டி.ஆர்.-ஐச் சுரண்டவோ, குப்பையோடு எரிக்கவோ, வாய்க்காலில் எறியவோ வேண்டாம். சிறு டப்பாவில் மூடிச் சேர்த்துவைத்து மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள். கைகளைச் சோப்பால் கழுவுங்கள். கேட்மியம் இல்லாத சிலிக்கான் உணரியைப் பதிலாகப் போட விரும்பினால், அதன் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதாலும் அதற்கு நேர், எதிர் முனைகள் உண்டு என்பதாலும் பழைய சுற்றில் அப்படியே செருக முடியாது. அந்த உணரிக்கென்றே அமைந்த சுவிட்சை முழுமையாக வாங்கிப் பொருத்துங்கள். வாங்கும்போது அதன் உறையில் நீர்க்காப்பு எண் ஐ.பி. 65 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து, பொருத்திய நாளை அழியாத மையில் பெட்டியின் உட்புறம் எழுதிவைத்தால், அடுத்த மழைக்காலத்தில் அதைத் திறப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியும்.